முதலில் பட்டியல், பிறகு லூப்

"முதல்ல லூப்பை ஒழுங்காப் படி. மத்ததெல்லாம் கெம்பஸ் போன பிறகு பார்த்துக்கலாம்." உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த எங்களில் எல்லாருக்கும் யாரோ ஒருவர் இந்த அறிவுரையைச் சொல்லியிருக்கிறார். சொன்னவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவர்களுக்கும் அப்படித்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அறிவுரை பிழை. ஏன் பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வாதம் இதுதான். செய்நிரலாக்கம் பழகத் தொடங்குகிற பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது பட்டியல். அதைக் கையாளுகிற முறையைச் சார்பு மொழிகளின் வழியில் கொடுக்க வேண்டும். பல்லேபொல மாதிரி ஊர்களில் கட்டாயம் அப்படித்தான் கொடுக்க வேண்டும். "இதெல்லாம் கொழும்புப் பிள்ளைங்களுக்குச் சரி, எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம்: கொழும்பை விட இது எங்களுக்குத்தான் அதிகம் தேவை.

சார்பு மொழி என்றதும் பயப்பட வேண்டாம். கணித பாடத்தில் படித்த அதே சார்புதான். ஒன்றைக் கொடுத்தால் ஒன்று வரும். அதே பொருளைத் திரும்பக் கொடுத்தால் அதே விடைதான் வரும். கொடுத்த பொருளுக்கு எந்தச் சேதமும் இல்லை. லிஸ்ப், ஸ்கீம், ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங் என்று இந்தக் குடும்பத்தில் பல மொழிகள் உண்டு. சார்பு வழியில் எழுதும்போது பட்டியலை வெட்டி ஒட்டித் திருத்துவதில்லை. பழைய பட்டியலைப் பார்த்துப் புதுப் பட்டியல் ஒன்றைச் செய்வார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

செக்ரோலில் ஒரு பிழை

எங்கள் பக்கம் மிளகும் தென்னையும்தான். ஆனால் எங்களில் பலருக்கு எல்கடுவ, ரத்தொட்ட பக்கத் தோட்டங்களில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கொழுந்து மடுவத்தில் நிறுத்து, செக்ரோலில் பதிந்து, மாதக் கடைசியில் சம்பளமாகிற கணக்கு அவர்களுக்கு உயிர்க் கணக்கு. நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஒரு அளவு வைத்திருக்கும். அதற்குக் குறைந்தால் "அரைப்பேர்", அதாவது அரைநாள் சம்பளம். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த பிறகு, பல இடங்களில் அந்தக் கிலோ அளவைக் கூட்டிவிட்டார்கள் என்ற புகார் இன்றுவரை கேட்கிறது. ஆகவே இந்தப் பட்டியலை உதாரணமாக எடுப்பது விளையாட்டுக்கு அல்ல.

ஐந்து பேர் எடுத்த கொழுந்து இது என்று வைத்துக்கொள்வோம்: 20, 22, 11, 25, 14. அளவு 18 கிலோ. அரைப்பேர் யாருக்கு என்று ஒரு பட்டியல் வேண்டும். சரியான விடை 11, 14. கண்ணால் பார்த்தாலே தெரியும்.

இப்போது லூப்பை மட்டும் பழகிய மாணவர் பைதனில் என்ன எழுதுவார்? "ஒவ்வொரு எண்ணாகப் பார். 18 அல்லது அதற்கு மேல் என்றால் பட்டியலிலிருந்து நீக்கு." படிக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. ஓடவிட்டால் பைதன் சிவப்பு எழுத்தில் எதுவும் கத்தாது. விடையும் வரும்: 22, 11, 14.

22 கிலோ எடுத்த அம்மாவுக்கு அரைப்பேர்!

என்ன நடந்தது? லூப் முதலாவது இடத்தில் 20ஐப் பார்த்து நீக்கியது. உடனே மிச்சம் எல்லாம் ஒரு இடம் முன்னுக்கு நகர்ந்துவிட்டன. 22 முதலாவது இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் லூப் அடுத்ததாக இரண்டாவது இடத்தைத்தான் பார்க்கும். அங்கே இருப்பது 11. ஆக, 22ஐ யாரும் பார்க்கவே இல்லை. பிறகு 25ஐ நீக்கும்போதும் இதே மாதிரி 14 தாண்டப்பட்டது. அது எப்படியும் பட்டியலில் இருக்க வேண்டிய எண் என்பதால் பிழை வெளியே தெரியவில்லை. ஒரு இடத்தில் பிழைத்து, இன்னொரு இடத்தில் அதிர்ஷ்டத்தில் தப்புகிற செய்நிரலை விட மோசமான செய்நிரல் உண்டா?

இதைச் சொன்னால் அனுபவசாலிகள், "அது தெரிஞ்ச விசயம்தானே, பட்டியலைப் பிரதி எடுத்துட்டு லூப் போடணும்" என்பார்கள். சரி. ஏன் பிரதி எடுக்க வேண்டும்? பார்த்துக்கொண்டிருக்கிற பட்டியலையே திருத்திக்கொண்டிருப்பதால்தான் பிரச்சினை என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் திருத்தாமலே செய்கிற வழியை முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் என்ன? நோய் வரும் என்று தெரிந்தும் முதலில் நோயைக் கொடுத்துவிட்டு, பிறகு மருந்தைப் பாடமாக்கச் சொல்வது என்ன கற்பித்தல்?

அந்தப் பிரதி எடுப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. "நேற்றைய பட்டியல் = இன்றைய பட்டியல்" என்று பைதனில் எழுதினால் பிரதி எடுபடாது. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைத்ததாகத்தான் ஆகும். ஒன்றில் கை வைத்தால் மற்றதும் மாறும். இதில் விழாத தொடக்கக்காரர் யாரும் இல்லை.

தலையும் மீதியும்

சார்பு மொழிக்காரர் பட்டியலை எப்படிப் பார்க்கிறார்? அவருக்குப் பட்டியல் இரண்டே வகை. ஒன்று, வெறும் பட்டியல். மற்றது, ஒரு தலையும் அதன் பின்னால் ஒரு மீதியும். அந்த மீதியும் ஒரு பட்டியல்தான். வேறு எதுவும் இல்லை. ஹாஸ்கெல்லில் தலைக்கும் மீதிக்கும் இடையில் ஒரு முக்காற்புள்ளி போடுவார்கள். கடதாசியில் தமிழிலேயே எழுதிப் பார்ப்போம்:

கூட்டு [] = 0
கூட்டு (தலை : மீதி) = தலை + கூட்டு மீதி

இரண்டே வரி. வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை பூச்சியம். மற்றப்படி, தலையோடு மீதியின் கூட்டுத்தொகையைச் சேர். இதை ஓடவிட கம்பியூட்டர் வேண்டாம்:

கூட்டு [20, 22, 11]
= 20 + கூட்டு [22, 11]
= 20 + 22 + கூட்டு [11]
= 20 + 22 + 11 + கூட்டு []
= 20 + 22 + 11 + 0
= 53

ஒவ்வொரு வரியும் முந்தின வரிக்குச் சமன். எட்டாம் வகுப்பில் அட்சரகணிதம் சுருக்கிய அதே வேலை. "ஐ இப்ப எத்தனை, மொத்தம் இப்ப எத்தனை" என்று மனசில் பெட்டி பெட்டியாகக் கட்டி ஞாபகம் வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இங்கே தொடக்கக்காரர் தடுமாறுகிற இடங்களும் உண்டு. மறைக்க மாட்டோம். முதலாவது, நம்பிக்கை. "கூட்டு என்ன என்று சொல்லும்போதே கூட்டைப் பாவிக்கிறீங்களே, அது எப்படிச் சரி?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில்: ஒவ்வொரு தடவையும் பட்டியல் ஒன்று குறைகிறது, ஒரு நாள் வெறுமையாகும், வெறும் பட்டியலுக்கு விடை ஏற்கனவே எழுதியாகிவிட்டது. இந்தப் பதிலைத் தானே சொல்லப் பழகிய பிள்ளை, பத்தாயிரம் பேருடைய பட்டியலுக்கும் தன் இரண்டு வரி சரி என்று நிரூபித்துவிட்டது. லூப்பைப் பாடமாக்கிய பிள்ளையால் "ஓடவிட்டுப் பார்த்தேன் சேர், வந்துச்சு" என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, வெறும் பட்டியலை மறப்பது. தலையைக் கேட்கிற சார்பிடம் வெறும் பட்டியலைக் கொடுத்தால் செய்நிரல் விழுந்துவிடும். இது பெரியவர்களும் செய்கிற பிழை. ஹாஸ்கெல்லின் முதன்மைக் கம்பைலர் 9.8ஆம் பதிப்பிலிருந்து, ஹெட் என்ற அந்தச் சார்பைப் பாவித்தாலே எச்சரிக்கிறது. ஒருவரும் வேலைக்கு வராத நாளில் செக்ரோல் வெறுமையாக இருக்கும். அந்த நாளைப் பற்றி முதலிலேயே யோசிக்கச் சொல்கிற மொழி நல்ல வாத்தியார்.

மூன்றாவது, 11உம் [11]உம் ஒன்று என்று நினைப்பது. ஒன்று எண், மற்றது ஒரு எண் உள்ள பட்டியல். தீப்பெட்டியும் தீக்குச்சியும் மாதிரி. முக்காற்புள்ளியின் இடப்பக்கம் குச்சி, வலப்பக்கம் பெட்டி. 11 : 14 என்று எழுதினால் ஹாஸ்கெல் ஏற்காது; 11 : 14 : [] என்று எழுத வேண்டும். இதில் ஒரு கிழமை அடிபடுவார்கள். அடிபடட்டும். எது என்ன வகை என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் அந்த ஒரு கிழமையில் வந்துவிடும்.

இப்போது அரைப்பேர்க் கணக்கு:

வடி விதி [] = []
வடி விதி (தலை : மீதி) =
 தலை விதிக்குப் பொருந்தினால், தலை : வடி விதி மீதி
 பொருந்தாவிட்டால், வடி விதி மீதி

விதி "18ஐ விடக் குறைவு". இதற்குக் "குறை" என்று பெயர் வைப்போம்:

வடி குறை [20, 22, 11, 25, 14]
= வடி குறை [22, 11, 25, 14]
= வடி குறை [11, 25, 14]
= 11 : வடி குறை [25, 14]
= 11 : வடி குறை [14]
= 11 : 14 : வடி குறை []
= [11, 14]

22ஐத் தாண்டிப் போக இதில் வழியே கிடையாது. தாண்டக்கூடாது என்று யாரும் எச்சரிக்கத் தேவையும் இல்லை.

மூன்று வேலைகள்

இந்த முறையில் கொஞ்ச நாள் எழுதினால் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்: பட்டியலோடு செய்கிற வேலைகளில் பெரும்பகுதி மூன்றே மூன்று. வேண்டியதை மட்டும் எடுப்பது. ஒவ்வொன்றையும் மாற்றுவது. எல்லாவற்றையும் ஒன்றாக்குவது. ஆங்கிலத்தில் ஃபில்டர், மேப், ஃபோல்ட். நாங்கள் வடி, மாற்று, மடி என்கிறோம். மிளகு காயப்போட்டு, சுளகில் புடைத்து, சாக்கில் நிறுத்து விலை போடுகிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதில் எது புதுசு?

அளவுக்கு மேல் எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வடி: 20, 22, 25. பிறகு மாற்று, ஒவ்வொன்றிலும் 18ஐக் கழி: 2, 4, 7. பிறகு மடி, கூட்டு: 13. 50ஆல் பெருக்கினால் 650 ரூபாய். மூன்று படி, மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம்.

இங்கேதான் எங்கள் முக்கியமான வாதம் இருக்கிறது. லூப்பில் விதியும் வேலையும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கும். எண்ணி, தாண்டி, நீக்கி, கூட்டுகிற வரிகளுக்கு நடுவில் 18 என்ற எண் எங்கேயோ ஒளிந்திருக்கும். வடித்தலில் விதி தனியே நிற்கிறது. ஒரு பெயரோடு, ஒரு வரியில். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். "ஏன் 18? மழை நாளில் ஏன் அதே 18? நேத்து 16 தானே இருந்துச்சு?" என்று கேட்கலாம். சம்பளம், சமுர்த்தி, அஸ்வெசும, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி என்று எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற எல்லாமே இன்று ஏதோ ஒரு பட்டியலும் அதன் மேல் ஒரு விதியும்தான். அந்த விதியைத் தனியே பிரித்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை கேள்வி கேட்கும். லூப்பைப் பாடமாக்கிய பிள்ளை, "கம்பியூட்டர் அப்படித்தான் சொல்லுது" என்று திரும்பி வரும்.

கரண்ட் இல்லாத நேரத்திலும்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் பைதன் படிப்பதென்றால் கொப்பியில் எழுதின கோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான். கரண்ட் இருக்கிற நாட்களிலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஒரு கம்பியூட்டருக்கு முன்னால் மூன்று நான்கு பேர். ஒருவர் தட்டுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள். வீட்டில் அப்பாவின் போன்தான் கம்பியூட்டர்.

கம்பியூட்டர் குறைவான இடத்தில் எந்த முறையைக் கற்பிக்க வேண்டும்? ஓடவிட்டுப் பார்த்தால்தான் விடை தெரிகிற முறையையா, பேனையால் ஒவ்வொரு வரியாகச் சுருக்கி விடை காணக்கூடிய முறையையா? இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் இருக்க முடியாது. பெறுமதி மாறிக்கொண்டே இருக்கிற மாறிகளைக் கடதாசியில் பின்தொடர்வது பெரிய தலைவலி. அட்டவணை போட்டு, அழித்து, திரும்ப எழுத வேண்டும். எதையும் அழிக்காத முறைக்குக் கடதாசிதான் பொருத்தம்.

இது ஏழைகளுக்காக நாங்கள் கண்டுபிடித்த சமாளிப்பும் இல்லை. இந்தக் குடும்பமே கடதாசியில் பிறந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோன் மெக்கார்த்தி 1958இல் லிஸ்ப் மொழியைத் தொடங்கினார். பட்டியல் செயலாக்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். லிஸ்பில் எழுதியதை லிஸ்பாலேயே மதிப்பிடுகிற ஒரு சார்பை அவர் கணிதக் கோட்பாடாகத்தான் எழுதினார். அது 1960இல் கட்டுரையாக வந்தது. அதை ஐ.பி.எம். 704 இயந்திரத்தில் அப்படியே ஓடவிடலாம் என்று கண்டு செய்து காட்டியவர் ஸ்டீவ் ரஸல். மெக்கார்த்தியே அதை எதிர்பார்க்கவில்லை. கடதாசி முதலில், இயந்திரம் பிறகு.

அதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு. லிஸ்பில் தலைக்குக் "கார்" என்றும் மீதிக்குக் "குடர்" என்றும் பெயர். இரண்டுமே அந்த 704 இயந்திரத்தின் உட்பகுதிகளின் பெயர்ச் சுருக்கங்கள். இயந்திரம் நூதனசாலைக்குப் போய்ப் பல காலம். அந்தப் பெயர்களை இன்னும் ஆங்கிலப் பிள்ளைகளே அர்த்தம் தெரியாமல் பாடமாக்குகிறார்கள். எங்களுக்குத் "தலை", "மீதி" என்று முதல் நாளே விளங்குகிற சொற்கள் இருக்கின்றன. தமிழில் படிப்பது குறை என்று யார் சொன்னது?

எதிரே வருகிற கேள்விகள்

"வேலைக்கு இது உதவாது." இதுதான் எப்போதும் முதலில் வரும். வட்ஸ்அப்பின் சேர்வர்கள் எர்லாங்கில் எழுதப்பட்டவை. 2014இல் பேஸ்புக் அதை வாங்கும்போது 45 கோடிப் பேர் பாவித்துக்கொண்டிருந்தார்கள், பொறியியலாளர்களோ சில பத்துப் பேர்தான். கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்ஜய் கெமாவத்தும் 2004இல் எழுதிய மேப்ரெடியூஸ் கட்டுரை, அந்தப் பெயரையும் எண்ணத்தையும் லிஸ்பிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறது. ஜாவா 2014இல் தன் 8ஆம் பதிப்பில் இந்த வசதிகளைச் சேர்த்துக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டில் மேப்பும் ஃபில்டரும் இல்லாமல் இன்று ஒரு பக்கம் எழுத முடியாது. எங்கள் நாட்டிலேயே டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் உருவாக்கிய பலரினா மொழியிலும் பட்டியலை வடித்து மாற்றி எடுக்கிற வினவல் தொடர்கள் உண்டு. "வேலைக்கு உதவாது" என்று சொல்கிறவர் கடைசியாக எப்போது வேலை தேடினார்?

"கணக்கு வராத பிள்ளைக்கு இது கஷ்டம்." கஷ்டம் எது? பட்டியலின் நடுவில் ஒன்றை நீக்கினால் மற்றவை நகருமா, நகர்ந்தால் லூப் எங்கே நிற்கும், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே பட்டியலா என்பதெல்லாம் இலகுவா? அது பழகிப்போனதால் இலகு மாதிரித் தெரிகிறது. முதல் தரம் படிக்கிற பிள்ளைக்கு இரண்டுமே புதுசு. சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் பட்டப்படிப்புக்குச் சேர்கிற மாணவர்களுக்கு முதல் செய்நிரலாக்கப் பாடமே ஹாஸ்கெல்லில்தான். அங்கே கற்பிக்கிற மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் ஹாஸ்கெல் பற்றி நடத்திய முழுப் பாடமும் இந்திய அரசின் என்.பி.டி.இ.எல். ஊடாக இலவசமாகக் கிடைக்கிறது. அது கணிதத்தில் தேறி வருகிறவர்களின் இடம் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அங்கேயும் தொடக்கம் வெறும் பட்டியல், தலை, மீதி என்றுதான். அதற்குக் கூட்டலும் ஒப்பிடுதலும் தெரிந்தால் போதும்.

"பரீட்சைக்கு வராதே." இது நியாயமான பயம். உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன்தான். பட்டியல், டியூபிள், டிக்‌ஷனரி இருக்கின்றன. வரிசைப்படுத்தலுக்கு பபிள் சோர்ட் இருக்கிறது. செய்நிரலாக்கப் பாணிகள் என்று ஒரு பகுதியும் இருக்கிறது. அதை வரைவிலக்கணமாகப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். எங்கள் பதில்: பைதனிலேயே செய்யலாம். மேப், ஃபில்டர் இரண்டும் பைதனில் இருக்கின்றன. 2000இல் பைதன் 2.0இல் வந்த பட்டியல் சுருக்கத் தொடர் ஹாஸ்கெல்லிலிருந்து எடுத்ததுதான். அரைப்பேர்ப் பட்டியலை அதில் ஒரே வரியில் எழுதிவிடலாம், 22 கிலோ அம்மாவும் தப்பிவிடுவார். பைதன் 3இல் மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது எத்தனை டியூஷன் வகுப்பில் சொல்லப்படுகிறது? தலை, மீதி என்று யோசித்துப் பழகிய பிள்ளை பபிள் சோர்ட்டை ஒரு பின்னேரத்தில் படித்துக்கொள்ளும். பபிள் சோர்ட்டைப் பாடமாக்கிய பிள்ளை, வினாத்தாளில் ஒரு வரியை மாற்றிக் கேட்டால் திணறும். திருத்துகிற ஆசிரியர்களுக்கு இது எங்களை விட நன்றாகத் தெரியும்.

"இந்த முறை வேகம் குறைவு." சில இடங்களில் ஆம். தன்னையே அழைக்கிற சார்பைப் பைதனில் ஆழமாக விட்டால் ஆயிரம் அழைப்புகள் அளவில் நின்றுவிடும்; அது அந்த மொழி வைத்திருக்கிற எல்லை. ஹாஸ்கெல்லிலும் யோசிக்காமல் எழுதினால் அடி விழும். ஒரு பட்டியலைத் திருப்பிப்போட, மீதியைத் திருப்பி அதன் கடைசியில் தலையை ஒட்டு என்று எழுதினால், ஒவ்வொரு ஒட்டலுக்கும் முன்னால் உள்ளதையெல்லாம் நடந்து கடக்க வேண்டும். 1000 பேருடைய பட்டியலுக்குக் கிட்டத்தட்ட 5 இலட்சம் படி. கையில் ஒரு வெறும் பட்டியலை வைத்துக்கொண்டு, வருகிற தலையை ஒவ்வொன்றாக அதன் முன்னால் போட்டுக்கொண்டே போனால் 1000 படியில் முடிந்துவிடும். இதைக் கடதாசியில் எண்ணிப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். வேகம் பற்றிய பாடத்தைத் தொடங்க இதை விட நல்ல இடம் எங்கே இருக்கிறது?

"தமிழில் செய்நிரல் மொழியே இருக்கிறதே, அதைப் படிப்பிக்கலாமே." இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பற்றிய கட்டுரை 2009இலேயே வந்தது. அந்த முயற்சிக்கு எங்கள் மரியாதை உண்டு. கட்டளைச் சொல் தமிழில் இருந்தால் முதல் பயம் போய்விடும். ஆனால் பிறகு? "ஃபோர்" இருந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்துவிட்டு, அதே லூப்பை அதே மாதிரிப் பாடமாக்கினால் மாறியது எழுத்து மட்டும்தான். சொல்லும் தமிழில் வேண்டும், யோசிக்கிற முறையும் மாற வேண்டும். ஒன்று மற்றதுக்குப் பதிலாகாது.

நாங்கள் கேட்பது

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. புதுக் கட்டடம் வேண்டாம், புதுக் கம்பியூட்டர் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஆசிரியர்களிடம்: முதல் நான்கு பாடவேளையை எங்களுக்குத் தாருங்கள். கம்பியூட்டர் அறைக்குப் போக வேண்டாம். கரும்பலகையில் கூட்டு, எண்ணு, வடி, மாற்று ஆகிய நான்கு சார்புகளை மட்டும் தலை, மீதி வைத்து எழுதச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து எண்களுக்குக் கையால் சுருக்கச் சொல்லுங்கள். வெறும் பட்டியலுக்கு விடை என்ன என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு லூப்பைத் தொடங்குங்கள். பிள்ளைகள் லூப்பையும் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

டியூட்டரி நடத்துகிறவர்களிடம்: அச்சடித்த கோட்டைக் கொடுத்து "இதை அப்படியே எழுது, மார்க்ஸ் வரும்" என்று சொல்வதை நிறுத்துங்கள். பல்லேபொலயில் இருந்து விடிய பஸ் ஏறி மாத்தளைக்கு வருகிற பிள்ளை, காசும் நேரமும் செலவழித்து வாங்கிப் போக வேண்டியது போட்டோகொப்பி இல்லை.

பாடத்திட்டம் எழுதுகிற தேசிய கல்வி நிறுவகத்திடம்: செய்நிரலாக்கப் பாணிகள் என்ற பகுதியில் வரைவிலக்கணம் கேட்பதை விட்டு, ஒரு சிறிய பட்டியலைக் கொடுத்து, சார்பு ஒன்றைப் படிப்படியாகச் சுருக்கச் சொல்லிக் கேளுங்கள். கடதாசிப் பரீட்சைக்கு இதை விடப் பொருத்தமான கேள்வி கிடையாது. தமிழிலும் சிங்களத்திலும் ஒரே மாதிரிக் கேட்கலாம்.

எங்கள் வயதுக்காரர்களிடம்: தங்கச்சி தம்பிமாருக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும். கடைக் கடன் கொப்பி, மிளகு நிறுத்த துண்டு, கிரிக்கெட் ஸ்கோர், மாமியுடைய சம்பளத் துண்டு எல்லாமே பட்டியல்தான். அதில் ஒன்றை எடுத்து, எதை வடிக்க வேண்டும், எந்த விதியால் வடிக்க வேண்டும், அந்த விதியைப் போட்டது யார் என்று கேட்டுத் தொடங்குங்கள். லூப் எங்கேயும் ஓடிவிடாது. அதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.